தருமபுரி வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த ஸ்கிம்மர்?

கடத்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுவதை நின்று பார்த்தவர்களுக்கு, கடல்நீர் மீன்தொட்டியின் கழிவை நுரையாக வெளியேற்றும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மரின் வேலை எளிதில் பிடிபடும். கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதிக்கும்போது அழுக்கு நுரையோடு சேர்ந்து மேலே வரும்; அதை வழித்து எடுத்துவிடுவார்கள். கடல்நீர்த் தொட்டியில் கொதிப்புக்குப் பதிலாக நுண்ணிய காற்றுக்குமிழிகள் அந்த அழுக்கை மேலே கொண்டுவருகின்றன. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் கரைகிற புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி நீரை நாடும், இன்னொரு பகுதி நீரை விலக்கும். ஆகவே அவை குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஸ்கிம்மரின் கழுத்து வழியே நுரையாக ஏறி, மேலேயுள்ள கிண்ணத்தில் வழிகின்றன. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புநீரில் அவை எளிதில் சேராமல் நுண்மையாகவே நிற்கும் என்பதால்தான் வீட்டு ஸ்கிம்மர் கடல்நீர்த் தொட்டிக்கே உரிய கருவியாக இருக்கிறது.

இங்கே நான் ஒப்பிடுவது ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளளவில், மீன்களும் மென்பவளங்களும் வாழும் வீட்டுத் தொட்டியை மனத்தில் வைத்துத்தான். கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அவற்றையோ அவற்றின் உலர்ந்த கூடுகளையோ தொட்டிக்காக யார் விற்றாலும் வாங்கக் கூடாது. தொட்டிக்குள் அடுக்கச் செயற்கைக் கற்களே போதும். ஆனால் அந்தக் கற்களில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியேறி நிலைபெறச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கழிவு அழுகுவதற்கு முன்பே அதில் ஒரு பங்கை வெளியேற்றித் தரும் ஸ்கிம்மரின் தேவை கூடுதலாக இருக்கும்.

கடையில் கிடைப்பவற்றுள் மூன்று வகைகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன.

முதலாவது, ஏர் பம்பையும், அதன் காற்றைக் குமிழிகளாகப் பிரிக்கும் மரக்கட்டையால் ஆன ஏர் ஸ்டோனையும் கொண்டு இயங்கும் பழைய வகை. நீர் மேலிருந்து இறங்க, குமிழி கீழிருந்து ஏற, இரண்டும் எதிரெதிராகச் சந்திப்பதால் நீண்ட நேரம் தொடர்பு கிடைக்கிறது. கொள்கையளவில் இது மிக நல்ல அமைப்பு. விலையும் குறைவு, மின்செலவும் குறைவு. குறை அந்த மரக்கட்டையில் இருக்கிறது. சில வாரங்களில் அதன் துளைகள் அடைபட்டுக் குமிழிகள் பெரிதாகும், நுரை மெலியும், புதுக்கட்டை மாற்ற வேண்டும். அதைத் தருமபுரியில் நினைத்த நேரத்தில் வாங்க முடியாது. பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைக்க வேண்டும். இருந்தாலும் இந்த வகையை நான் முழுவதும் ஒதுக்க மாட்டேன். மின்சாரம் நின்றால் பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்பை அதே குழாயில் பொருத்திவிடலாம், தொட்டிக்கு மூச்சு நிற்காது.

இரண்டாவது, தொட்டியின் பின்கண்ணாடியில் தொங்கவிடும் வகை. சம்ப் இல்லாத தொட்டிக்கு இதுவே நடைமுறைத் தீர்வு. சம்ப் என்று நான் சொல்வது வீட்டு வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை அல்ல, மீன்தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைக்கும் துணைத்தொட்டியை. என் முதல் ஸ்கிம்மர் இந்தத் தொங்கும் வகைதான். இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரே நாளில் தொட்டியின் நீர்மட்டம் கண்கூடாக இறங்கும், இறங்கியதும் நுரையின் உயரம் தாழ்ந்து கிண்ணம் காலியாகக் கிடக்கும், ஆர்.ஓ. நீரை ஊற்றி மட்டத்தை ஏற்றினால் திடீரென்று நுரை பொங்கிக் கிண்ணம் நிரம்பும். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவரால் இந்த ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போக முடியாது. திரும்பும் நீரோடு நுண்குமிழிகள் தொட்டிக்குள் புகுவதும், விளிம்பில் உப்பு படிந்து மெல்ல ஒழுகுவதும் இதனுடன் சேர்ந்து வருபவை.

மூன்றாவது, சம்புக்குள் நிற்கும், ஊசிச் சக்கரம் கொண்ட வகை. சொட்டுநீர்ப் பாசனத்தில் உரம் கலக்கப் பயன்படும் வெஞ்சுரியை நம் விவசாயிகள் நன்றாக அறிவார்கள். நீர் குறுகிய வாயில் வேகமாகப் பாயும்போது பக்கவாட்டுக் குழாயிலிருந்து உரக்கரைசலை இழுத்துக்கொள்கிறது. இங்கே அதே வெஞ்சுரி காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றை ஊசிகள் நிறைந்த சக்கரம் அடித்துப் பொடிக்குமிழியாக்குகிறது. சம்பில் தடுப்புக் கண்ணாடி வைத்து ஸ்கிம்மருக்குத் தனி அறை ஒதுக்கினால், மோட்டார்கள் ஓடும்வரை அங்கே நீர்மட்டம் மாறவே மாறாது. நீர் ஆவியாவதால் ஏற்படும் குறைவு முழுவதும், நீரை மீன்தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் மோட்டாரின் அறையில்தான் தெரியும். தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள ஆழத்தில், தேவைப்பட்டால் அடியில் கண்ணாடித் துண்டு வைத்து உயர்த்தி, ஒருமுறை சரியாக நிறுத்திவிட்டால் மாதக்கணக்கில் ஒரே சீராக நுரை வரும். வறண்ட காற்றும் கடும் வெயிலும் உள்ள நம் பகுதிக்கு இந்த நிலையான மட்டம்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆதாயம் என்று கருதுகிறேன்.

இந்த மூன்றாம் வகைக்குள்ளேயே வழக்கமான ஏ.சி. மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டி.சி. மோட்டார் என்று இன்னொரு தேர்வு வருகிறது. டி.சி. அமைதியாக ஓடும், நுரையை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் இங்கே சரிசெய்து தர ஆளில்லை. மாற்றுப் பெட்டி வரும்வரை ஸ்கிம்மர் நிற்கும். ஏ.சி. மோட்டாரில் தேய்வது பெரும்பாலும் சக்கரமும் அதன் அச்சும்தான். ஒரு சக்கரத்தை உதிரியாக வாங்கி வைத்தால் கவலையில்லை. அதனால் நான் ஏ.சி. பக்கமே நிற்கிறேன். வெளிநாட்டு உறவினர் அமெரிக்காவிலிருந்து வாங்கிவரும் ஸ்கிம்மரை மட்டும் தவிர்க்க வேண்டும். 110 வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் வைத்துச் சமாளித்தாலும், 60 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துதான் சுழலும், காற்றையும் குறைவாகவே இழுக்கும்.

பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கை நம்பி அளவைத் தேர்ந்தெடுப்பது சரியன்று, ஏனெனில் அதற்குப் பொதுவான சோதனை முறை எதுவும் இல்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் கென் ஃபெல்ட்மேன் 2009-இல் வெளியிட்ட அளவீடுகளில், ஸ்கிம்மர்கள் நீரிலிருந்த மொத்தக் கரிமக் கார்பனில் (உயிர்க்கழிவுப் பொருள்களில் அடங்கிய கார்பனில்) ஏறத்தாழ 20 முதல் 35 சதவீதத்தை மட்டுமே அகற்றின. விலையுயர்ந்த கருவி வாங்கினால் நீர் மாற்றுவதை நிறுத்திவிடலாம் என்று எண்ணுவோர் இந்த எண்களை நினைவில் கொள்ள வேண்டும். கரைந்துவிட்ட நைட்ரேட்டையோ பாஸ்பேட்டையோ எந்த ஸ்கிம்மரும் நேரடியாக இழுத்தெடுக்காது. மீன் குறைவான தொட்டியில் மிகப் பெரிய ஸ்கிம்மரை வைத்தால் நுரை கழுத்தைத் தாண்டாமலே நின்றுவிடும் என்பதால், மீன்களின் எண்ணிக்கையைப் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும்.

எந்த வகையை வாங்கினாலும் பராமரிப்பைப் பொறுத்தே பலன் அமையும். புதிய கருவி முதல் சில நாட்கள் நுரையே தராமல் இருக்கலாம். தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப்பசை நீங்கும்வரை, நுரையைக் கூட்டிக் குறைக்கும் திருகை மாற்றிக்கொண்டே இருக்காமல் பொறுத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கழுத்தின் உட்புறத்தைத் துடைக்க வேண்டும், ஏனெனில் அங்கே படியும் கொழுப்பே நுரையை உடைக்கிறது. அக்ரிலிக் உடலுக்குக் கொதிநீரும் சோப்பும் ஸ்பிரிட்டும் ஆகாது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் போதும். காற்றுக் குழாயின் உள்ளே நீர் தெறித்து உலர்ந்து உப்பு அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அதன் வழியே சிறிதளவு வெதுவெதுப்பான ஆர்.ஓ. நீரை இழுக்கவிட்டால் அந்த உப்பு கரைந்துவிடும். நுரை குறைந்ததும் மோட்டார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவோர், பல நேரங்களில் இந்த அடைப்பைத்தான் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரைக் கழற்றி, ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் சக்கரத்தில் படிந்த சுண்ணாம்பு கழன்றுவிடும். பீங்கான் அச்சை மட்டும் அழுத்தாமல் கையாள வேண்டும்.

நம் வீட்டு அறையின் காற்றை ஸ்கிம்மர் இடைவிடாமல் நீருக்குள் செலுத்துகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. கொசுவர்த்திச் சுருளிலும் கொசு விரட்டித் திரவங்களிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் அவற்றை ஏற்றவே கூடாது. காற்றுக் குழாயை நீட்டிச் சன்னலுக்கு வெளியே விட்டால் அறைக்குள் தேங்கும் கரியமில வாயுவும் குறைவாகச் சேரும், நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) சற்று உயர்ந்து நிற்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளுக்கு அருகில் வசிப்பவர்கள் அந்தக் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்சு வடிகட்டியைச் செருகுவது நல்லது. தெருவில் கொசுப்புகை அடிக்க வருகிற நாளில் குழாயைத் தற்காலிகமாக உள்ளே இழுத்துச் சன்னலை மூடிவிடுகிறேன்.

கடைசியாக, மின்தடை. மின்சாரம் நின்றதும் மீன்தொட்டியின் நீரில் ஒரு பகுதி சம்புக்கு இறங்கி ஸ்கிம்மரை ஆழமாக மூழ்கடிக்கும். மின்சாரம் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் ஓடத் தொடங்கினால், சம்பின் மட்டம் இறங்குவதற்குள் ஸ்கிம்மர் பொங்கி, கிண்ணத்தில் சேர்ந்திருந்த அழுக்கு முழுவதையும் தொட்டிக்கே திருப்பி ஊற்றிவிடும். ஸ்கிம்மரின் பிளக்கில் மட்டும் 10 நிமிடம் தாமதித்து இயக்கும் டைமரைப் பொருத்திய பிறகு என் தொட்டியில் இது ஒருமுறைகூட நிகழவில்லை. இன்வெர்ட்டரில் இணைப்பவர்கள் சைன் வேவ் வகையையே பயன்படுத்த வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. மோட்டார் இரைந்து சூடாகும், அந்தச் சூடு நேராகத் தொட்டி நீரில்தான் சேரும்.