ஸ்லெண்டர், எஸ்சிபி, அயர்ன் லங், எக்ஸிட் 8: எது யாருக்கு?

சின்ன பட்ஜெட்டில் வந்த ஃபர்ஸ்ட் பெர்சன் (பாத்திரத்தின் கண் வழியாகவே பார்க்கும்) ஹாரர் கேம் எதை எடுத்தாலும் பிளேயர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுதான். நடப்பதைத் தவிர வேலையே இல்லை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது, திரும்பத் திரும்ப ஒரே காரிடார். பெரும்பாலும் மூன்றும் உண்மை. ஆனால் இதே குறைகளோடு வந்த சில கேம்களை பத்து வருடம் கழித்தும் ஆட்கள் தேடிப்பிடித்து விளையாடுகிறார்கள். அப்படி நிலைத்தவற்றில் பொதுவாக ஒன்றைப் பார்க்கலாம்: பிளேயரின் கண்ணுக்கு ஒரு கறாரான விதி போட்டிருப்பார்கள். ஸ்லெண்டரில் பார்த்தால் ஆபத்து. எஸ்சிபியில் பார்வையை எடுத்தால் ஆபத்து. அயர்ன் லங்கில் பார்க்கவே வழி கிடையாது. எக்ஸிட் 8-இல் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் முழு வேலையும்.

முதலில் ஸ்லெண்டர்: தி எய்ட் பேஜஸ். 2012-இல் மார்க் ஹேட்லி, யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் (எஞ்சின்) செய்து இலவசமாகக் கொடுத்தது. இருட்டுக் காட்டில் ஒரு டார்ச்சோடு நிற்கிறீர்கள். 10 அடையாள இடங்களில் ஏதோ எட்டில் இடத்துக்கொரு காகிதம் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கப் பனி அடர்கிறது, ஸ்லெண்டர்மேன் என்ற முகமில்லாத உருவம் நெருங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் திரை இரைச்சலாகி ஆட்டம் முடியும். இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களால் தோற்கிறார்கள். ஆரம்பத்திலேயே ஓடி மூச்சைத் தீர்ப்பது ஒன்று, டார்ச்சை அணைக்காமல் பேட்டரியை வீணாக்குவது இன்னொன்று. முதல் மூன்று நான்கு காகிதம் வரை நடந்தே போகலாம், திறந்த வெளியில் டார்ச்சை அணைத்துவைக்கலாம். குறுகலான மூலைகள் நிறைந்த கட்டடத்தைக் கடைசிக்கு விடாதீர்கள். ஆறேழு காகிதத்துக்குப் பிறகு அந்த மூலைகளில் திரும்பினால் தப்பிக்க இடமிருக்காது.

இன்று விளையாடுகிறவர்கள் "வீடியோவில் பார்த்தபோது இருந்த பயம் இதில் இல்லையே" என்கிறார்கள். அது நியாயம்தான். வரைபடம் மாறுவதே இல்லை. பத்து இடமும் மனப்பாடமான பிறகு, அவன் வழியில் நிற்கிறானா இல்லையா என்ற அதிர்ஷ்டம் மட்டுமே மிஞ்சுகிறது. பதினைந்து நிமிடம் செலவழிக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எஸ்சிபி: கன்டெய்ன்மென்ட் பிரீச் அதே 2012-இல், அதே போல இலவசமாக வந்தது. ஒரு ரகசிய ஆய்வுக் கட்டடத்தில் எண் போட்டு அடைத்துவைத்த விபரீதங்கள்தான் எஸ்சிபிகள், அவை வெளியேறிவிட்ட நேரத்தில் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். பின்லாந்தின் யோனாஸ் ரிக்கோனன் பிளிட்ஸ்3டி என்ற பழைய எஞ்சினில் செய்தார். பார்ப்பதற்கு ஸ்லெண்டரை விட அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் ஆழத்தில் இரண்டுக்கும் ஒப்பிடவே இடமில்லை. திரையில் ஒரு இமைப் பட்டை ஓடும். அது தீர்ந்தால் உங்கள் கண் ஒரு கணம் தானாக மூடும். எஸ்சிபி-173 என்ற சிலை யாரும் பார்க்காத அந்தக் கணத்தில்தான் நகரும், வந்து கழுத்தை முறிக்கும். ஆகவே அது தூரத்தில் இருக்கும்போதே ஸ்பேஸ் பாரை அழுத்தி நீங்களாகவே இமைத்துவிடுங்கள். பட்டை நிரம்பிவிடும், பக்கத்தில் வந்த பிறகு கண் தானாக மூடும் அபாயம் குறையும். அதை நோக்கியபடியே பின்னால் நடந்து வெளியேறி, பார்வையை எடுக்காமல் கதவை மூட வேண்டும். மூடிய கதவையும் அது சில நேரம் திறந்துவிடும், அங்கேயே நிற்காதீர்கள். வாயு நிரம்பும் அறைகளில் இமைப் பட்டை வேகமாகக் கரையும் என்பதால், கேஸ் மாஸ்க் கிடைத்தால் கையோடு வைத்திருங்கள்.

எஸ்சிபி-096 இதற்கு நேரெதிர். அதன் முகத்தைப் பார்த்துவிட்டால் துரத்தும், பிறகு தப்புவது கடினம். அழுகைச் சத்தம் கேட்டதும் மவுஸைக் கீழே இழுத்துத் தரையைப் பார்த்தே நடங்கள். ஒரே கட்டடத்துக்குள் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும், இன்னொன்றைப் பார்க்கவே கூடாது. கோடிக்கணக்கில் செலவழித்த பல கேம்களில் இப்படி ஒரு யோசனை கிடைக்காது.

அடுத்தது சாவி அட்டை. பல கதவுகளுக்கு உயர்நிலை அட்டை வேண்டும். எஸ்சிபி-914 என்ற இயந்திரத்துக்குள் அட்டையை வைத்து 'ஃபைன்' அமைப்பில் ஓட்டினால் ஒரு படி ஏறும். 'ரஃப்', 'கோர்ஸ்' இரண்டும் பொருளைக் கெடுக்கும், 'வெரி ஃபைன்' சூதாட்டம். மேல்நிலை அட்டைகளில் ஃபைனே சில நேரம் காலை வாரும் என்பதால் ஓட்டுவதற்கு முன் சேவ் செய்யுங்கள். 'சேஃப்' கடினநிலையில் எங்கும் சேவ் செய்யலாம், 'யூக்ளிட்'டில் சேவ் செய்ய கணினித் திரைகளைத் தேடிப்போக வேண்டும், 'கெட்டர்' நிலையில் கேமை விட்டு வெளியேறும்போது மட்டுமே சேவ் ஆகும், இறந்தால் ஆட்டம் முடிந்தது. புதியவர்கள் சேஃபில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அறைகளின் அமைப்பு மாறும், ஆனால் ஒரே சீடை (seed, வரைபடத்தைத் தீர்மானிக்கும் குறியீடு) உள்ளிட்டால் அதே வரைபடம் திரும்ப வரும். நல்ல வரைபடம் அமைந்தால் சீடைக் குறித்துவையுங்கள்.

பிளேயர்களின் புகார்களில் இரண்டு நியாயமானவை. எங்கே போக வேண்டும் என்று கேம் சொல்லாது, கிடக்கும் ஆவணங்களைப் படித்து நீங்களே ஊகிக்க வேண்டும். இன்னொன்று, 'மெமரி ஆக்ஸஸ் வயலேஷன்' என்ற பிழையோடு திடீரென்று மூடிக்கொள்வது. பழைய எஞ்சினோடு வந்த வியாதி அது, அடிக்கடி சேவ் செய்வதைத் தவிர நம்பகமான மருந்து கிடையாது. எஸ்சிபி-106 சுவர் வழியே வருவது அநியாயம் என்ற மூன்றாவது புகாரை ஏற்க மாட்டேன். கதவை மூடினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று 173 பழக்கிவிடுகிறது, அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் 106.

டேவிட் சிமான்ஸ்கியின் அயர்ன் லங் 2022-இல், சுமார் 6 டாலருக்கு வந்தது. ரத்தக் கடலுக்கு அடியில் துருப்பிடித்த ஒரு நீர்மூழ்கி, அதற்குள் கைதி ஒருவன். ஜன்னலை மூடி வெல்டு வைத்துவிட்டார்கள். கையில் இருப்பது ஒரு வரைபடம், எக்ஸ்-ஒய் எண்கள், திசைக் கோணம், சுவர் நெருங்கினால் எச்சரிக்கும் சென்சார், அவ்வளவுதான். குறித்த இடத்துக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும். கருப்பு வெள்ளையில் புள்ளி புள்ளியாக விழும் அந்தப் படம்தான் வெளியுலகம்.

இதில் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் கோணத்தில்தான் குழம்புகிறார்கள். கிளம்பியதும் சற்றுத் தூரம் ஓட்டி எந்தக் கோணத்தில் எக்ஸ் கூடுகிறது, எதில் ஒய் கூடுகிறது என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வளைவுகளில் முன்னேறிக்கொண்டே திருப்பாதீர்கள். நிறுத்தி, கோணத்தைச் சரிசெய்து, பிறகு நகருங்கள். சுவரில் மோதினால் கப்பல் சேதமாகும், பல முறை மோதினால் ஆட்டம் முடியும். ஓட்டும் பலகை முன்னால், படம் எடுக்கும் பொத்தான் பின்னால். படத்தைப் பார்க்கும்போதெல்லாம் முதுகு கட்டுப்பாட்டுப் பலகையின் பக்கம் இருக்கும்படி சிமான்ஸ்கி வேண்டுமென்றே வைத்திருக்கிறார். அந்த இரண்டு எட்டு நடை தரும் பதற்றத்துக்கு ஈடான ஜம்ப்ஸ்கேர் (திடீர்ப் பயமுறுத்தல்) இந்த நான்கில் எதிலும் இல்லை. சத்தம்தான் பாதி ஆட்டம், ஹெட்போன் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஒரு மணி நேரத்தில் முடிகிறது என்ற புகார் இதன் மீதுதான் அதிகம். இந்தக் கதைக்கு அந்த நீளம் போதும் என்பது என் முடிவு. ஆனால் இந்தப் புகாருக்குப் பின்னால் ஒரு பணப் பிரச்சினை இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கேம் விற்கும் தளமான ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. குட்டி கேமை முழுதாக முடித்துவிட்டும் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். 'சமர் ஆஃப் 58' என்ற சின்ன ஹாரர் கேமைச் செய்த எமிகா கேம்ஸ், நல்ல மதிப்புரைகள் வந்தும் இப்படித் திரும்பிப்போன பணத்தின் அளவைக் காரணம் காட்டி, கேம் செய்வதிலிருந்து விலகுவதாக 2021-இல் அறிவித்தது. பிடித்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள், அடுத்த கேம் அந்தப் பணத்தில்தான் வர வேண்டும்.

ஜப்பானின் கோட்டகே கிரியேட் 2023 நவம்பரில் வெளியிட்ட எக்ஸிட் 8-இன் விலை சுமார் 4 டாலர். வெள்ளை டைல்ஸ் பதித்த சுரங்கப்பாதை, ஒரு பக்கம் போஸ்டர்கள், ஒரு பக்கம் கதவுகள், எதிரே நடந்துவரும் ஒரு மனிதர். ஏதாவது மாறியிருந்தால் உடனே திரும்ப வேண்டும், மாறாவிட்டால் நேரே போக வேண்டும். தவறினால், எத்தனையாவது வெளிவாசல் என்று காட்டும் பலகையில் எண் மறுபடி 0. அன்ரியல் எஞ்சின் 5-இல் செய்ததால் நான்கில் இதுதான் கணினியை அதிகம் சோதிக்கும். பழைய லேப்டாப்பில் ரெசல்யூஷனைக் குறைத்தால் ஓடும், ஆனால் போஸ்டரின் சின்ன மாற்றங்கள் கண்ணுக்குத் தப்பும்.

முதல் நடையில் அவசரம் வேண்டாம், இயல்பான காரிடார் எப்படி இருக்கும் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போதும் ஒரே வரிசையில் சோதியுங்கள்: கூரை விளக்கு, போஸ்டர், கதவுக் கைப்பிடி, அந்த மனிதர். கைப்பிடி கதவின் நடுவுக்குப் போயிருப்பது போன்றவை ஒரே பார்வையில் தெரியும். மெல்ல மெல்லப் பெரிதாகும் போஸ்டரும், உங்களைத் தொடரும் கண்களும் நின்று பார்த்தால்தான் தெரியும். "நன்றாகத்தானே பார்த்தேன், ஏன் 0?" என்று கோபப்படுகிறவர்கள் பெரும்பாலும் நடந்துகொண்டே பார்த்தவர்கள்.

பயத்தைப் பொறுத்தவரை நான்கில் இதுவே மென்மையானது. துரத்திவருபவை சில உண்டு, ஆனால் தோற்றால் மறுபடி தொடங்குவது சில நொடி வேலை. ஹாரர் பக்கமே போகாதவர்களை இதில் உட்காரவைக்கலாம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து "அந்தக் கதவைப் பாரு" என்று கத்தும்போது இன்னும் நன்றாக இருக்கும். அயர்ன் லங்கை அப்படிக் கூட்டத்தோடு விளையாடினால் பாதி போய்விடும், அதைத் தனியாக, ஒரே அமர்வில் முடியுங்கள். காசே செலவழிக்காமல் வாரக்கணக்கில் விளையாட வேண்டுமென்றால் எஸ்சிபிதான், பிழையோடு மூடிக்கொள்வதைச் சகித்துக்கொள்ளும் பொறுமை இருந்தால்.