எம்ஜிபியை ரேஸுக்குத் தயார் செய்து பல சீசன் ஓட்டிய பிறகு

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை டிராக்கில் இறக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன் கூட்டலாம்?" என்றுதான். இதே காரைப் பல சீசன் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இன்ஜின் பவருக்குக் கடைசியாகச் செலவழியுங்கள். 1,798 சிசி பி-சீரிஸ் இன்ஜின் நல்ல உழைப்பாளி. 1964 கடைசியில் வந்த ஐந்து மெயின் பேரிங் (கிராங்க்ஷாஃப்டைத் தாங்குபவை) வகை கிடைத்தால் இன்னும் நிம்மதி. அதைச் சாகடிப்பது சூடும் ஆயில் பட்டினியும்தான்.

நீண்ட வளைவில் வேகம் பிடித்தால் இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை இழுக்கும். ஆயில் பிரஷர் முள் சரிந்ததை வளைவின் நடுவிலேயே பார்த்திருக்கிறேன், வயிற்றைக் கலக்கும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து வெல்டிங் செய்து, ஆயில் கூலரும் போட்ட பிறகு முள் நிலையாக நிற்கிறது. ஆயிலிலும் கவனம் வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் டேப்பட்டும் இந்த இன்ஜினில் நேராக உரசுபவை. துத்தநாகச் சேர்க்கை குறைந்த புதுக் கார் ஆயில் அவற்றைத் தேய்த்துவிடும்.

பிரேக்தான் எனக்கு அதிகப் பாடம் கற்றுக்கொடுத்தது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சாலைக்குத் தாராளம், டிராக்கில் சில சுற்றுகளிலேயே கொதிக்கும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போய்விடும். அதனால் ஒவ்வொரு ரேஸுக்கு முன்பும் புது ஆயில் ஊற்றி, குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றி பிளீட் செய்கிறேன். ரேஸ் பேட், பின்னல் எஃகு உறை போட்ட ஹோஸ், டிஸ்குக்குக் காற்று கொண்டுவரும் குழாய், இந்த மூன்றும் சேர்ந்ததும் கார் வேறு காராகிவிட்டது. ஆனால் ரேஸ் பேட் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. முதல் சுற்றில் முன்கூட்டியே மிதியுங்கள்.

சஸ்பென்ஷனில் ஒரு சிக்கல். முன்பக்கம் அதிர்வை அடக்கும் லீவர் டாம்பரின் கையே, சக்கரத்தைத் தாங்கும் மேல் கையான விஷ்போனாகவும் வேலை செய்கிறது. கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் அப்சார்பர் மாட்ட முடியாது. மாற்று கிட் உண்டு. ஆனால் பழைய கார்களுக்கான ஹிஸ்டாரிக் பிரிவு விதிகள் பெரும்பாலும் பழைய அமைப்பையே கேட்கும், வாங்கும் முன் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். நான் டாம்பரின் வால்வை இறுக்கி, கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிக்கிறேன். ரப்பர் பம்பர் வந்த 1974க்குப் பிந்தைய கார் என்றால், அது உயர்த்தித் தயாரிக்கப்பட்டது, உயரத்தைக் குறைப்பது கட்டாயம்.

ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டு), மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச், தீயணைப்பான் எல்லாம் விதிப்படி. சீட் பெல்ட்டில் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டை மட்டும் சீசன் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அப்புறம், ஸ்போக் வீல் அழகுதான், எனக்கும் ஆசை விடவில்லை. ஆனால் ரேஸில் ஸ்போக் தளர்கிறது, சக்கரம் மாட்டும் ஹப்பின் பற்கள் தேய்கின்றன. போல்ட் வீலுக்கு மாறினேன்.

1963 லே மான்ஸ் 24 மணி நேர ரேஸில் ஒரு எம்ஜிபி ஆரம்பத்திலேயே மணலில் சிக்கி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் தோண்டி வெளியே வந்து, 12வது இடத்தில் முடித்தது. இந்தக் காரின் பலம் அந்த உழைப்புதான். இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் நான் இன்னும் மாற்றவில்லை, வெப்பத் தடுப்புத் தகடு மட்டும் சேர்த்தேன். அடுத்து பின் ஆக்சிலில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட வேண்டும், இறுக்கமான வளைவில் உள்பக்கச் சக்கரம் சும்மா சுழல்கிறது.