முக்குளிப்பு மிதவைச் சட்டை: ஜாக்கெட் வகையா, முதுகுப்பை வகையா?

சுங்கை சிப்புட்டில் ரவிக்கை இறுக்கிப் பிடித்தால் தையற்காரரிடம் பிரித்துத் தைக்கலாம். கடலில் முக்குளிப்பவர்கள் காற்றூதி மிதக்க அணியும் மிதவைச் சட்டைக்கு அந்த வசதி இல்லை. குட்டையான, சதைப்பிடிப்பான பெண்கள் பெர்ஹெந்தியான் தீவுகளுக்குக் கிளம்புமுன் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஜாக்கெட் வகையில் காற்று விலாவைச் சுற்றியும் நிரம்பும். நீர்மட்டத்தில் நிமிர்ந்து மிதக்கலாம். ஆனால் முழுதாக ஊதினால் மார்பை நெருக்கி மூச்சு முட்டும். முதுகு குட்டையென்றால் அடிவிளிம்பு இடுப்பில் இடித்து, தோள்பகுதி காதருகே ஏறிவிடும். வாடகைக்குப் பெரும்பாலும் கிடைப்பதும் இதுதான், என்ன செய்வது!

முதுகுப்பை வகையில் காற்று பின்னால் மட்டுமே, மார்பு தப்பிக்கும். நீர்மட்டத்தில் முகம் முன்னே தள்ளப்படும். காற்றைச் சற்றுக் குறைத்துப் பின்னால் சாய்ந்தால் சரியாகிவிடும். மார்பை ஒட்டி வளையும் தோள்வாரும் இருந்தால் என் ஓட்டு இதற்கே. கடையிலேயே வெட்சூட் எனும் முக்குளிப்பு உடையின் மேல் அணிந்து, முழுதாக ஊதி, ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள்.