ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சர்வீஸ்: கம்பெனியா, நம்ம மெக்கானிக்கா, ஸ்பெஷலிஸ்டா?

மதுரையில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டும், வண்டியை எங்கே விடுவது? கம்பெனி சர்வீஸ், ஏரியா மெக்கானிக், ஆட்டோமேட்டிக் மட்டும் பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட் என்று மூன்று வழி இருக்கிறது. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாம் உள்ளே ஒன்றல்ல.

முதலில் ஏஎம்டி. மாருதி 2014-ல் செலெரியோவில் கொண்டுவந்தது இந்த வகைதான். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் நமக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்கிற கருவி செய்கிறது. இதற்குக் கியர் ஆயில் மாற்ற நம்ம மெக்கானிக் தாராளமாகப் போதும். கிளட்ச் மாற்றும்போதுதான் சிக்கல். புது கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் போட்டு வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பழக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் கோரிப்பாளையம் சிக்னலில் ஒவ்வொரு முறை நகரும்போதும் வண்டி குலுங்கும். ஸ்கேனர் இல்லாத ஷெட்டில் ஏஎம்டி கிளட்ச் வேலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னோவா கிரிஸ்டா மாதிரி டார்க் கன்வெர்ட்டர் வண்டிகள் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துபவை), ஹோண்டா சிட்டி மாதிரி சிவிடி வண்டிகள் (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடுபவை) விஷயத்தில்தான் உண்மையான போட்டி. இவற்றில் ஆயில் வெறும் உயவுக்கு மட்டும் இல்லை. கியர் மாற்றும் அழுத்தமே அதன் வழியாகத்தான் போகிறது. சிவிடியில் உலோக பெல்ட் புல்லியைப் பிடித்து ஓட வேண்டும், அதற்கென்றே தனி ஆயில். ஹோண்டா என்றால் எச்சிஎஃப்-2. சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான ஏடிஎஃப்பை ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கோடு விழும். அப்புறம் ஆயில் செலவு இல்லை, கியர்பாக்ஸ் செலவு. 'எல்லா வண்டிக்கும் இதே ஆயில்தாண்ணே' என்று ஒரே கேனைக் காட்டும் கடையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

கம்பெனியில் இந்தத் தொல்லை இல்லை. சரியான ஆயில், ஒழுங்கான பில். ஆனால் அங்கே வேறு குறை. 'இது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்' என்று சில மாடல்களுக்கு கவுண்டரிலேயே சொல்லிவிடுவார்கள். பல கார் கம்பெனிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயிலும், வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏற்றமும் ஆயிலைச் சூடாக்குவதைப் பார்த்தால் நான் அந்தக் கணக்கின் கீழ்ப்பக்கம்தான் நிற்பேன்.

சரியான ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அண்ணே, ஆயில் லெவல் எப்படிப் பாப்பீங்க?" இப்போதைய வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கிற கம்பி (டிப்ஸ்டிக்) கிடையாது. வண்டி மட்டமாக நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஆயிலின் சூடு குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும். பல கியர்பாக்ஸ்களில் அது 40 டிகிரியை ஒட்டி வரும். ஸ்கேனரில் அந்தச் சூட்டைப் பார்த்துக்கொண்டே கீழே செக் போல்ட்டைத் திறந்து, மிச்ச ஆயில் வழிந்து சொட்டாக மாறும்போது மூட வேண்டும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் ஷெட்டே 40 டிகிரியைத் தொடும். சூடேறிய ஆயில் விரிந்து அதிகமாக வழிந்துவிட்டால், ஆறிய பிறகு உள்ளே அளவு குறைவாக இருக்கும். அதனால் வண்டியை முந்தின நாள் இரவே விட்டு, காலையில் முதல் வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள். 'எவ்வளவு எடுத்தோமோ அவ்வளவு ஊத்திருவோம்ணே' என்பது பாதிப் பதில். ஏற்கெனவே குறைவாக இருந்தால் குறைவாகவே தொடரும்.

இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் ஸ்பெஷலிஸ்ட் கிடைத்தால், வாரண்டி முடிந்த டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு என் ஓட்டு அவருக்குத்தான். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை (பேன்) கழற்றும்போது பக்கத்தில் நிற்க விடுவார், அது பெரிய விஷயம். உள்ளே இருக்கும் காந்தத்தில் மை மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் நெருடுகிற உலோகத் துணுக்கோ, ஆயிலில் கருகல் வாடையோ இருந்தால் ஆயில் மாற்றுவதோடு முடியாது. அந்த நிலையில் கம்பெனியில் பெரும்பாலும் முழு கியர்பாக்ஸுக்கு எஸ்டிமேட் போடுவார்கள். ஸ்பெஷலிஸ்ட், ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடி, சொலினாய்டு என்று பிரித்துப் பார்ப்பார்.

இரண்டு கிளட்ச் வைத்த டிசிடி வண்டிக்கு இப்படிச் சொல்ல மாட்டேன். ஃபோக்ஸ்வேகன் தன் டிசிடிக்கு வைத்த பெயர் டிஎஸ்ஜி. அதன் 7 கியர் டிரை கிளட்ச் வகையில் பிரச்சினை பெரும்பாலும் கியரையும் கிளட்ச்சையும் இயக்கும் எலக்ட்ரானிக், ஹைட்ராலிக் பகுதியான மெக்கட்ரானிக் பக்கம்தான் வரும். அந்தக் கம்பெனி ஸ்கேனரும் அதில் பழக்கமும் இல்லாதவர் கை வைக்கக் கூடாது. கம்பெனிக்கே போங்கள்.

வாரண்டி இருக்கும்போது? வெளியே விட்டதற்காக மட்டும் மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான உத்தரவில் சொன்னது. வழக்கு மேல்முறையீடு என்று நீண்டுவிட்டது. அதைக் காட்டி கவுண்டரில் வாதாடி ஜெயிக்கலாம் என்று நம்பாதீர்கள். வாரண்டி முடியும்வரை கம்பெனியிலேயே செய்து பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கியர்பாக்ஸ் வழியில் நின்று, கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டி வந்தால், கயிறு கட்டி இழுக்க மட்டும் விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஆயில் பம்ப் சுற்றாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்பாகங்கள் ஆயில் இல்லாமல் உரசும். வாடகை கூட ஆனாலும் நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற ஃபிளாட்பெட் வண்டியாகக் கேளுங்கள்.