படகில்லாதவனுக்கு ஒரு ரப்பர் புழு

பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் மூக்கில் ஏறுவது சோம்பு வாசனை. அடுத்து விரலில் ஒட்டுவது உப்பு. உள்ளே இருப்பது ஐந்து அங்குல நீளம், சுண்டுவிரல் பருமனில் கரும்பச்சை நிறத்தில், தூண்டில் முள்ளில் இரையாகக் கோக்கும் பிளாஸ்டிக் குச்சிகள். வால் இல்லை, கால் இல்லை, கண் இல்லை. பக்கத்தில் மாட்டியிருக்கும் தவளை, நண்டு, சின்ன மீன் வடிவங்களை விட்டுவிட்டு இதை எவன் வாங்குவான் என்றுதான் தோன்றும். பத்துப் புழு போட்ட இந்தப் பாக்கெட்டைத்தான் நான் திரும்பத் திரும்ப வாங்குகிறேன்.

இந்த வடிவத்தை ஊரறியச் செய்தது இரை தயாரிப்பாளர் கேரி யமமோட்டோவின் சென்கோ என்ற புழு. இப்போது கிட்டத்தட்ட எல்லா இரை நிறுவனங்களும் இதே குச்சியை வேறு வேறு பெயரில் விற்கின்றன. என்னிடம் இருப்பதும் அப்படி ஒன்றுதான். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

நான் யார் என்று சொன்னால்தான் மதிப்புரைக்கு அர்த்தம். படகு கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. இரவுப்பணி முடிந்து தூக்கம் வருவதற்குள் கிடைக்கிற இரண்டு மணி நேரம்தான் என் மீன்பிடி. ஒரு ராட், ஒரு தோள்பை, கரையோரம் நடை, அவ்வளவுதான். நான் தேடும் மீன் லார்ஜ்மவுத் பாஸ், அகன்ற வாயுள்ள நன்னீர் வேட்டை மீன். ஆழம் காட்டும் கருவியும் இல்லை, நடு ஏரிக்குப் போகும் வழியும் இல்லை. ஆகவே ஓர் இரையிடம் நான் கேட்பது மூன்று: ஈயம் கட்டாமலே தூரம் போக வேண்டும், அடிக்கடி சிக்கக் கூடாது, கரையை ஒட்டி நிற்கும் மீனை மிரட்டக் கூடாது. மூன்றிலும் இந்தக் குச்சி தேறிவிடுகிறது.

காரணம் அந்த உப்புதான். மீன் உப்புச் சுவைக்கு மயங்கி, புழுவை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். அது இருக்கட்டும், எனக்கு வேண்டியது எடை. உப்பு கலந்ததால் ஒரு புழு சுமார் 10 கிராம் வருகிறது. ஈயக் குண்டு எதுவும் கட்டாமல் முள்ளை மட்டும் கோத்து வீசினாலே போதிய தூரம் போய் விழுகிறது. குண்டு இல்லாததால் கல் இடுக்கில் போய் அடைவதும் குறைவு. படகுக்காரன் இரை சிக்கினால் எதிர்ப்பக்கம் போய் எடுத்துக்கொள்வான். கரையில் நிற்பவனுக்கு ஒரே திசைதான்; இழுத்து அறுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அதனால் சிக்காமல் இருப்பதே எனக்குப் பாதி மதிப்பெண்.

மீதிப் பாதி, இது தண்ணீரில் இறங்கும் விதத்துக்கு. தெளிந்த தண்ணீரில் காலடியிலேயே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நடுவில் குறுக்காக முள் குத்தி விட்டால், வாக்கி ரிக் என்கிறார்களே அது, இரண்டு முனையும் துடித்துக்கொண்டே மெல்ல இறங்கும். நீங்கள் கையை அசைக்கவே வேண்டாம். முள்முனை புழுவின் உடம்புக்குள்ளேயே மறையும்படி டெக்சஸ் ரிக்காகக் கோத்து, குண்டில்லாமல் விட்டால் படுத்தவாக்கில் லேசாக உருண்டபடி இறங்கும். இரண்டிலும் வேலை செய்வது விழும் நேரம்தான். தரையைத் தொட்ட பிறகு கொஞ்ச நேரம் அப்படியே கிடக்க விட்டு, ராடை ஒரு முழம் உயர்த்தி, மறுபடி விழ விடுவேன். இதுக்கு மேல் வித்தை ஒன்றும் கிடையாது. வேகமாகச் சுற்றி இழுத்தால் வெறும் பிளாஸ்டிக்.

இதில் கடி தெரிவதுதான் புதியவர்களுக்குச் சிரமம். கைக்கு வெடுக்கென்று எதுவும் வராது. தூண்டில் நரம்பு தளர்ந்துதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புழு நேராக இறங்காமல் கரையை நோக்கி ஊஞ்சலாடி வந்துவிடும். தளர்ந்த நரம்பில் என்ன உணர்வு வரும்? கண்தான் வேலை செய்ய வேண்டும். தண்ணீர் மேல் வளைந்து கிடக்கும் நரம்பு மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு சின்னத் துள்ளல். அல்லது பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். அல்லது தரைக்குப் போக வேண்டிய நேரத்துக்கு முன்பே நின்றுவிடும். மூன்றில் எது நடந்தாலும் புழு வாய்க்குள் போயிற்று என்று அர்த்தம். உடனே தளர்வைச் சுற்றி எடுத்து ராடைப் பக்கவாட்டில் ஓங்கி இழுங்கள். இன்னும் நன்றாக விழுங்கட்டும் என்று காத்திருந்தால் முள் தொண்டைக்குப் போய்விடும். திருப்பி விடுகிற எண்ணமுள்ளவர்கள் இதில் தாமதிக்கவே கூடாது.

இதற்காகவே என் ரீலில் பளிச்சென்ற மஞ்சள் பிரெய்ட், அதாவது பின்னிய நரம்பு, 10 பவுண்டு சுற்றியிருக்கிறேன். பிரெய்ட் மிதக்கும், கண்ணுக்கும் தெரியும். முனையில் இரண்டு கையும் விரித்த நீளத்துக்கு 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு, அதுதான் லீடர்; இரண்டையும் இணைப்பது டபுள் யூனி முடிச்சு. ஃப்ளோரோகார்பன் மூழ்கும், கல்லில் உரசினாலும் தாங்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருடையது 1.33, நைலான் 1.5-ஐத் தாண்டும். அதனால்தான் தண்ணீருக்குள் நைலானைவிட இது குறைவாகத் தெரிகிறது. முழுதாக மறைந்துவிடும் என்பதெல்லாம் விளம்பரம்.

ராட் ஏழு அடி, நடுத்தர விறைப்பு (மீடியம்), நுனிப்பக்கம் மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்ஷன் ஸ்பின்னிங். ரீல் 2500 அளவு. பாசி அடர்ந்த இடமென்றால் மீடியம் ஹெவியும் 15 பவுண்டு லீடரும் வேண்டும், இல்லாவிட்டால் மாட்டிய மீன் பாசிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கிடக்கும். பின்னால் மரம் நெருங்கிய கரையில் ஏழு அடியை ஓங்க முடியாது, ஆறரை அடி வசதி. வீசும்போது உருளையே சுழலும் பெயிட்காஸ்டிங் ரீலில் இந்த எடையை வீசுபவர்கள் இருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் நரம்புச் சிக்கெடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

வாக்கிக்கு 1/0 முள், டெக்சஸுக்கு 3/0 அல்லது 4/0 அகன்ற வளைவுள்ள ஆஃப்செட் முள். டெக்சஸ் கோக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: புழு முள்ளில் நேராகக் கிடக்க வேண்டும். நடுவில் புடைத்தால் இறங்கும்போது சுழலும், நாலு வீச்சில் நரம்பெல்லாம் முறுக்கு.

இப்போது குறைகள். கிழிகிறது. தாராளமாகக் கிழிகிறது. உப்பு ஏற ஏற பிளாஸ்டிக் பலவீனமாகும், அது இந்தப் பொருளின் இயல்பே. நேரடியாக வாக்கி குத்தினால் ஒரு மீனுக்கு ஒரு புழு, சில நேரம் ஓங்கி வீசும்போதே மீனும் இல்லாமல் புழு மட்டும் தனியாகப் பறந்து போகும். பரிகாரம் ஓ-ரிங். அதை மாட்டும் சின்னக் குழாய்க் கருவியின் உள்ளே புழுவை நுழைத்து, வெளியே ஏற்றிய ரப்பர் வளையத்தைப் புழுவின் நடுப்பகுதிக்குத் தள்ளிவிட்டால் போதும். முள் பிளாஸ்டிக்கில் குத்தாமல் வளையத்துக்கு அடியில் போகும். ஒரே புழு பல மீன் தாங்குகிறது. இந்தக் கருவியைப் பாக்கெட்டோடு சேர்த்தே விற்றிருக்கலாம்.

இரண்டாவது குறைதான் எனக்கு எரிச்சல். போன பாக்கெட்டில் பாதிப் புழு வளைந்தே வந்தது. வளைந்த புழு துடிக்காது, சுழலும். சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, சமமான இடத்தில் நேராகக் கிடத்தி ஆறவிட்டால் நிமிர்ந்துவிடும் என்பது உண்மைதான். காசு கொடுத்து வாங்கியவன் அந்த வேலையையும் ஏன் பார்க்க வேண்டும்? உள்தட்டு வைத்து அடுக்கி வரும் பாக்கெட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை.

கிழிந்ததைத் தண்ணீரில் எறியாதீர்கள். மீன் விழுங்கினால் செரிக்காது, வயிற்றிலேயே தங்கிவிடும். ஒரு முனை மட்டும் போனதென்றால் பாதியாக வெட்டிச் சின்னக் காளான் தலை ஜிக்கில், அதாவது தலையில் எடை வைத்த முள்ளில், கோத்துக்கொள்வேன்; இதற்கு நெட் ரிக் என்று பெயர். குளிரில் அதற்கு வேலை வரும். சேர்த்து வைக்கும்போது ஒரு எச்சரிக்கை: எலாஸ்டெக் என்ற வேறு வகை ரப்பரில் செய்த இரைகளோடு ஒரே டப்பாவில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எப்போது வாங்கலாம், எப்போது பையிலேயே தூங்கட்டும் என்பதற்கு மாதக்கணக்கு பார்க்காதீர்கள். ஒரு சின்ன வெப்பமானி போதும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறும்போது பாஸ் ஆழத்திலிருந்து கரைப் பக்கம் நகரத் தொடங்கும். வெயில் முதலில் படும், குளிர்காற்று படாத மூலைகள் முந்திச் சூடேறும். வடகோளத்தில் அது பெரும்பாலும் வடக்குக் கரை. கரைக்காரனுக்கு ஆண்டின் பொற்காலம் இதுதான், மீனே நம்மைத் தேடி வருகிறது. பாறை, கட்டை, புதிதாக முளைக்கும் பாசி ஓரம் என்று புழுவை மெதுவாக விழ விடுங்கள். குளிர்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், மீன் ஏதாவது மறைவோடு ஒட்டிக்கொண்டு வாய் திறக்க மறுக்கும். வேகமாக ஓடும் இரை எல்லாம் தோற்கும் அந்த நாளில்தான் இந்தக் குச்சி தன் பெயரைக் காப்பாற்றும்.

15 முதல் 20 டிகிரிக்குள் முட்டையிடும் காலம். ஆண் மீன் ஆழமில்லாத கெட்டித் தரையில் வாலால் விசிறிக் குழி செய்து, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். குழிக்குள் எது விழுந்தாலும் வாயால் கவ்வி வெளியே போடும். புழுவை அங்கே போட்டால் மாட்டும், சந்தேகமே இல்லை. அந்த ஆணைத் தூக்கிவிட்டால் பக்கத்தில் காத்திருக்கும் ப்ளூகில் என்ற சின்ன மீன் கூட்டம் முட்டையைக் காலி செய்துவிடும். சில நாடுகளில் இந்தக் காலத்தில் பிடிக்கத் தடையே உண்டு. தடையில்லாத இடத்திலும் குழி கண்ணில் பட்டால் நான் நகர்ந்துவிடுவேன்.

முட்டையிட்ட பெண் மீன் களைத்துப் பக்கத்து மேட்டுச் சரிவு, நிழல், கட்டை என்று ஒதுங்கும். மெல்ல இறங்கும் புழுவுக்கு இணங்கும். கோடையில் தண்ணீர் 25-ஐத் தாண்டினால் விடியலும் அந்தியும்தான். என் பணி நேரம் இங்கே கைகொடுக்கிறது. வெயில் ஏறிய பிறகு தண்ணீர் மேல் தாழ்ந்து கிடக்கும் மரக்கிளைதான் ஒரே நம்பிக்கை. ராடைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசினால் இந்தக் குச்சி தட்டைக்கல்லாகத் தத்தித் தத்திக் கிளைக்கு அடியில் போய்விடும். வேறு எந்த இரையும் என் கையில் இவ்வளவு சுலபமாக அங்கே நுழைந்ததில்லை.

இலையுதிர் காலத்தில் இதை நம்ப வேண்டாம். பொடிமீன் கூட்டம் ஓடைமுகங்களுக்கும் வளைகுடாக்களுக்கும் ஏறும், பாஸ் பின்னாலேயே துரத்தும். மீன் எங்கே என்று தேடிப் பிடிக்க வேண்டிய காலம் அது. ஒரே இடத்தில் குச்சியை விழவிட்டு நின்றால் மீன் அரை ஏரி தாண்டிப் போயிருக்கும். ஸ்பின்னர்பெயிட்டோ லிப்லெஸ் கிராங்க்பெயிட்டோ, இப்படி வேகமாகச் சுற்றி இழுக்கும் இரையை வீசிக்கொண்டே நடங்கள். ஆழமான ஏரிகளில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்கி, அடிநீரோடு கலக்கும் நாட்களில் எதுவுமே கடிக்காத மாதிரி இருக்கும். அப்போது புழுவைக் குறை சொல்லிப் பயனில்லை. 10 டிகிரிக்குக் கீழே போனால் மீனின் உடம்பே மெதுவாகிவிடும். செங்குத்தாக ஆழம் இறங்கும் கரையைத் தேடி, அந்தப் பாதிப்புழு நெட் ரிக்கைத் தரையில் கிடத்துங்கள். முழுப் புழு எனக்கு அந்தக் குளிரில் ஏறக்குறைய எதுவும் தந்ததில்லை.

பெரிய மீன் கனவோடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த உலகச் சாதனை பாஸும், 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்து அதைச் சமன் செய்ததும் 10 கிலோவைச் சற்றே தாண்டிய மீன்கள். குரிடா போட்டது உயிர் ப்ளூகில். அந்த அளவு மீன் பெரிய வாய்ச்சோறு தேடும். இந்தக் குச்சி நடுத்தர மீனை அடிக்கடி தரும் இரை. வெறும் கையோடு திரும்பாமல் இருக்க வாங்குங்கள், பரிசுக்கு வாங்காதீர்கள்.

வீசும் முன் ஒன்று. பலர் நேராகத் தண்ணீர் விளிம்புக்கு நடந்து போய் முடிந்தவரை தூரம் எறிகிறார்கள். காலடி அதிர்வு பாஸுக்கு உடம்பின் பக்கக்கோட்டிலேயே தெரிந்துவிடும், நிழல் விழுந்தால் கண்ணில் பட்டுவிடும். விளிம்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று, கரைக்கு இணையாக முதல் வீச்சைப் போடுங்கள். மீன் பாதி நேரம் புல் விளிம்புக்கு அடியிலேயே கிடக்கும்.

நிறம் பற்றிக் கடையில் அரை மணி நேரம் நிற்க வேண்டாம். தெளிந்த தண்ணீருக்குக் கரும்பச்சை, கலங்கலுக்கு நீலப்பொடி தூவிய கறுப்பு. இரண்டு பாக்கெட் போதும். ஓ-ரிங் கருவியை மறக்காதீர்கள். நான்கு அங்குலத்திலும் இதே புழு வருகிறது. ஆனால் எடை பாதியளவுக்கு இறங்கிவிடுவதால் எதிர்க்காற்றில் கரையிலிருந்து வீசவே வரவில்லை, அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.