சிங்கப்பூர் சிம் லிம் டவரில் வாங்கிய 3டி கண்ணாடி

டியூஷன் பிள்ளைகளுக்குக் காட்ட, வட்டத் தளவிளைவு வகை (ஒவ்வொரு வில்லையும் இடமாகவோ வலமாகவோ சுழலும் ஒளியை மட்டும் விடும்) 3டி கண்ணாடி வாங்கினேன். சட்டம் மெலிசு, சீக்கிரம் கீறல் விழுகிறது. ஆனால் வேலை அருமை! போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடி நிலைக்கண்ணாடியைப் பாருங்கள்: திறந்த கண்ணின் வில்லைதான் கறுத்துத் தெரியும். பட்டுத் திரும்பும் ஒளியின் சுழற்சி இடம் வலமாக மாறிவிடுகிறதே!

இதைப் பார்த்தபின், இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வடிவத் துகள்களை ஒளியாலேயே தள்ளிப் பிரிக்கலாம் என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. 1848இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் அத்தகைய படிகங்களைக் கையால்தான் பிரித்தார். சுழலும் ஒளி இரு வடிவங்களையும் வெவ்வேறு விசையோடு தள்ளும். மூலக்கூறு அளவில் அந்த வித்தியாசம் மிகமிகச் சிறியது, அங்கேதான் சிரமம்.

வாங்கும்போது கடையிலேயே சோதியுங்கள். திறந்த கண் தெளிவாகத் தெரிந்தால் அது நேர்க்கோட்டு வகை (சுழலாமல் ஒரே திசையில் அதிரும் ஒளியை விடுவது), வேண்டாம்.