ட்ரோனில் ஏடிஎஸ்-பி எச்சரிக்கை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நிலம் அளக்கும் வேலைக்கு ட்ரோன் பறக்கவிடுகிறேன். இப்போது வைத்திருப்பதில் ஏடிஎஸ்-பி ரிசீவர் உண்டு, அதாவது விமானங்கள் தானாக அனுப்பும் இருப்பிட சிக்னலைப் பிடிக்கும் கருவி. விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் இடம், உயரம், வேகத்தை அறிவித்துக்கொண்டே பறக்கும். ட்ரோன் அதைக் கேட்டு, ரிமோட் திரையில் குட்டி விமானமாகக் காட்டும். நெருங்கினால் பீப் அடிக்கும். ஆனால் அது கேட்பதோடு சரி, பதிலுக்கு எதையும் அறிவிக்காது. நாம் அங்கே இருப்பது விமானிக்குத் தெரியாது, அதனால் விலக வேண்டியது நாம்தான்.

உதவுகிறதா என்றால், நிச்சயமாக. காதில் சத்தம் விழும் முன்பே பல தடவை திரை சொல்லியிருக்கிறது. அந்த அவகாசம் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டால் புரியும். 120 மீட்டரிலிருந்து விநாடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்க 24 விநாடி வேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டரில் வரும் செஸ்னா போன்ற சிறு விமானம் அதற்குள் 1.3 கிலோமீட்டர் வந்துவிடும். சத்தம் கேட்டு, அண்ணாந்து தேடி, அப்புறம் இறக்க ஆரம்பித்தால் நேரம் போதாது.

பீப் அடித்ததும் சிலர், ட்ரோனைக் கிளம்பிய இடத்துக்கே தானாகத் திரும்ப வைக்கும் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ பட்டனை அழுத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். திரும்புவதற்கென்று நாம் செட் செய்த உயரத்துக்குக் கீழே ட்ரோன் இருந்தால், பல மாடல்களில் அது முதலில் மேலே ஏறிவிட்டுத்தான் திரும்பும். விமானம் வரும்போது அதைவிட ஆபத்து வேறில்லை. சர்வே பாதியில் நின்றால் நிற்கட்டும், ஸ்டிக்கை இழுத்து நேராகக் கீழே இறக்குங்கள்.

பெரிய குறை, ஏடிஎஸ்-பி சிக்னல் அனுப்பாத எதுவும் திரையில் வராது. பழைய சிறு விமானங்கள், ஃபிளார்ம் என்ற வேறு வகை மோதல் எச்சரிக்கைக் கருவி மட்டும் வைத்திருக்கும் கிளைடர்கள், பாராகிளைடர்கள் எல்லாம் இதில் சேர்த்தி. உயர வித்தியாசத்தையும் அப்படியே நம்ப முடியாது: விமானம் அனுப்புவது பெரும்பாலும் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்ட உயரம், ட்ரோன் காட்டுவது கிளம்பிய இடத்திலிருந்து உயரம்.

அதனால் வானத்தைப் பார்க்கத் தனியாக ஒருவரை நிறுத்தாமல் நான் பறக்கவிடுவதில்லை. சும்மா நிறுத்தினாலும் போதாது. 2021 ஆகஸ்டில் கனடாவின் பட்டன்வில் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த செஸ்னா 172 மீது போலீஸ் ட்ரோன் மோதியது. விமானத்தில் இருந்தவர்கள் பறவை என்றே நினைத்தார்கள். போலீஸ் தரப்பில் வானத்தைக் கவனிக்க நின்றவருக்கு அந்த வேலைக்குப் பயிற்சி தரப்படவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. என்னுடன் நிற்பவரிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவேன்: ட்ரோனைப் பார்க்காதே, திரையையும் பார்க்காதே, சுற்றிலும் வானத்தைப் பார், சந்தேகம் வந்தாலே ‘இறக்கு’ என்று கத்து.